வரிசை வகுத்த ஆசிரியர்

கங்கை பெருகும் காலத்தில் காசியின் படித்துறைகள் ஒவ்வொன்றாக நீரில் மறைவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தப் பெருக்கைப் பற்றிய ஒரு பயிற்சிக் கணக்கில் நான் செய்த பிழைதான், ஒரு பெரியவரின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியது. ஆதலால் என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர் பொறுத்துக்கொள்வார், அவர் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர்.

ஓர் ஆண்டின் 52 வாரங்களுக்குரிய நீர்மட்ட அளவுகளைக் கணினியில் இட்டு, ஏற்ற இறக்கத்தை ஒரு கோட்டுப் படமாக வரைந்து கொடுக்க வேண்டும். இதுவே எனக்கு இட்ட பணி. இதற்குப் பாண்டாஸ் என்னும் நிரல் தொகுப்பைப் பயன்படுத்தினேன். பைத்தான் மொழியில் புள்ளி விவரங்களை ஆராய்வோர்க்கு உதவும் தொகுப்பு இது. 2008இல் வெஸ் மெக்கின்னி என்னும் அமெரிக்கர் எழுதத் தொடங்கியது. இத்தகைய தொகுப்பையும் கணினித் துறையார் லைப்ரரி என்றே அழைக்கின்றனர். இந்தப் பெயர்ப் பொருத்தம் எவ்வளவு பொருளுடையது என்பது எனக்கு அன்று தெரியாது.

பாண்டாஸ் அட்டவணையில் ஒவ்வொரு நிரைக்கும் முன்னால் ஒரு சுட்டு நிற்கும், வருகைப் பதிவேட்டில் பெயருக்கு முன் எண் நிற்பதைப் போல. சுட்டுகளின்படி அட்டவணையை ஒழுங்கு செய்ய ஒரே ஒரு கட்டளை போதும். பல இடங்களிலிருந்து திரட்டியமையால் என் அளவுகள் முன்பின்னாகக் கிடந்தன. கட்டளையை இட்டேன், படமும் வரைந்தேன். வந்த படத்தைக் கண்டு திகைத்தேன். ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டிய ஆறு, அரத்தின் பற்களைப் போல ஏறியும் இறங்கியும் நின்றது. பொங்கலை ஒட்டி வரும் 2ஆம் வாரம், மே மாதத்து 19ஆம் வாரத்துக்கும் 20ஆம் வாரத்துக்கும் நடுவே போய் அமர்ந்திருந்தது. டிசம்பரின் கடைசி வாரத்துக்குப் பிறகு பிப்ரவரியின் 6ஆம் வாரம் வந்தது.

காரணம் எளியது. என் வார எண்கள் எண்களாக இல்லை, எழுத்துகளாகப் பதிவாகியிருந்தன. எழுத்துகளை வரிசைப்படுத்தும் போது கணினி அகராதி முறையைப் பின்பற்றுகிறது. முதல் குறியை முதல் குறியோடு ஒப்பிடும். அவை ஒன்றாயிருந்தால் அடுத்ததை ஒப்பிடும். அந்த முறையில் 1, 10, 11 என்று 19 வரை சென்ற பிறகுதான் 2 வரும். கணினியைக் குற்றம் சொல்ல இடமில்லை. வரிசைப்படுத்து என்றேன், எந்த வரிசையில் என்று சொல்லவில்லை.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பும் வழியில் இதை நூலகவியல் படிக்கும் ஓர் அக்காவிடம் சொல்லி வருந்தினேன். அவர் சிரித்தார். நான் பிழை என்று நினைத்த வரிசைதான் நூலக அலமாரியில் சரியான வரிசை என்றார். 512.13 என்னும் எண் தாங்கிய நூல் 512.9 என்னும் எண் தாங்கிய நூலுக்கு முன்னால் நிற்பதை நான் பார்த்ததே இல்லையா என்று கேட்டார். பிறகு, குறிகளின் வரிசை முறையை இந்நாட்டில் ஒரு தனி அறிவுத் துறையாகவே வளர்த்த ஒரு தமிழர் நம் பல்கலைக்கழக நூலகத்திலேயே இருந்து பணி செய்தவர் என்பதையும் சொன்னார். சீர்காழி இராமாமிர்தம் இரங்கநாதன் என்னும் பெயரை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஆனால் பெயரை அறிதல் வேறு, மனிதரை அறிதல் வேறு அல்லவா?

சீர்காழியிலிருந்து சென்னைக்கு

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இரங்கநாதன் பிறந்தார். திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் அது. தந்தையார் இராமாமிர்த ஐயர் நிலமுடையவர். இராமாயணத்தைப் பலர் கேட்கப் படித்துப் பொருள் சொல்பவர். மகனுக்கு ஆறு வயதான போது தந்தையார் காலமானார். சிறுவன் உள்ளூரிலேயே பள்ளிக் கல்வியை முடித்தான். அவனுக்குத் திக்குவாய் இருந்தது. பேச்சைத் தொழிலாகக் கொள்வான் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1913இல் பி.ஏ. பட்டமும், 1916இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே எட்வர்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவருக்கு வாழ்நாள் முழுவதும் குருவாக விளங்கினார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். திக்குவாயை முயன்று அடக்கி, நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தார். மாணவர் நடுவே நிற்பதே அவருக்கு இன்பமாக இருந்தது.

அந்த இன்பத்தை விட்டு அவர் விலக நேர்ந்தது 1924 ஜனவரியில். சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக அவரை அமர்த்தியது. ஊதியம் உயர்ந்தது; மனமோ சோர்ந்தது. வகுப்பறையின் ஆரவாரத்தில் வாழ்ந்தவருக்கு ஆளில்லாத அறையும் அசையாத நூல்களும் சிறைபோல் தோன்றின. சில நாட்களுக்குள் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஓடினார். தம்மை மீண்டும் வகுப்பறைக்கே அழைத்துக்கொள்ளும்படி வேண்டினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சியை முடித்து வரட்டும், வந்த பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்று முதல்வர் அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. நாம் தேர்ந்துகொண்ட துறையில் நமக்கு விருப்பமில்லாத வேலை வந்து சேரும்போது, அதைத் தண்டனை என்றே எண்ணுகிறோம். அட்டவணையைச் சீர்செய்வதும் சுட்டுகளை வரிசைப்படுத்துவதும் எங்கள் வகுப்பில் யாரும் விரும்பாத வேலை. கணிப்பு நெறிகளைக் கற்பதே பெருமை, ஒழுங்கு செய்வது எடுபிடி வேலை என்று எண்ணுகிறோம். இரங்கநாதனும் முதலில் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்.

விளையாட்டுப் பொருள் தந்த வித்து

1924 செப்டம்பரில் அவர் இலண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் நூற்பகுப்புக் கலையைக் கற்றார். சேயர்ஸ் பொறுப்பில் இருந்த கிராய்டன் நூலகத்தையும், வேறு பல நூலகங்களையும் சுற்றிப் பார்த்தார். நூலகம் மக்கள் வாழ்வில் எவ்வளவு செய்ய முடியும் என்பதை அவர் கண்டது அப்போதுதான். வகுப்பறைக்குத் திரும்பும் ஆசை மறைந்தது.

ஆனால் கணித ஆசிரியரின் கண்ணுக்கு ஒரு குறை தென்பட்டது. அன்று பெரிதும் வழங்கிய டூயி தசமப் பகுப்பு முறையில், அறிவுத் துறைகளையெல்லாம் முன்கூட்டியே பட்டியலிட்டு எண் கொடுத்திருந்தார்கள். பட்டியலில் இல்லாத புதிய பொருள் பற்றி ஒரு நூல் வந்தால், அதற்குரிய இடம் இல்லை. பல பொருள்கள் ஒன்றுசேர்ந்த நூலுக்கோ இடர்ப்பாடு இன்னும் மிகுதி.

இந்த நினைவோடு இருந்தவர், இலண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்னும் பெருங்கடையில் ஒருநாள் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகள், அச்சுகள், சக்கரங்கள், திருகாணிகள். இவற்றை ஒருவகையாகப் பூட்டினால் ஒரு பொறி, வேறு வகையாகப் பூட்டினால் வேறொரு பொறி. நூல்களுக்கும் முழு எண்களைப் பட்டியலிட்டு வைக்க வேண்டியதில்லை, உறுப்புகளை வைத்துக்கொண்டு வேண்டிய எண்ணைக் கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கே உதித்தது. உறுப்புகளைப் பூட்டும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். அதுவே அவர் முறைக்கும் பெயராயிற்று.

குறிக்கு மதிப்பு உண்டு

1925இல் சென்னை திரும்பியவர், கப்பலில் வரும்போதே வகுக்கத் தொடங்கிய திட்டத்தைப் பல்கலைக்கழக நூல்களின்மேல் செயற்படுத்திப் பார்த்தார். பல ஆண்டுச் சோதனைக்குப் பிறகு கோலன் பகுப்பு முறை 1933இல் நூலாக வெளிவந்தது. நூற்பட்டியல் அமைக்கும் விதிகள் 1934இலும், பகுப்புக் கலையின் அடிப்படைகளை ஆராயும் நூல் 1937இலும் வந்தன.

அம்முறையில் எல் என்ற ரோமன் எழுத்து மருத்துவத்தைக் குறிக்கும். அதன் உட்பிரிவில் 45 நுரையீரல், 421 காசநோய். இடத்தைக் குறிக்கையில் 44 இந்தியா. இவற்றை உரிய குறிகளால் இணைத்துவிட்டால், இந்தியாவில் நுரையீரல் காசநோய் பற்றி எழுதிய நூலுக்கு எண் கிடைத்துவிடும். ஆண்டைக்கூடச் சேர்க்கலாம்.

எண்ணைக் கட்டுவது பாதி வேலைதான். கட்டிய எண்கள் அலமாரியில் எந்த வரிசையில் நிற்கும் என்பது மறுபாதி. என் 52 வாரங்களில் நான் தவறவிட்டது இந்த மறுபாதியைத்தான். இரங்கநாதன் ஒவ்வொரு குறிக்கும், எழுத்தாயினும் எண்ணாயினும் புள்ளியாயினும், வரிசை மதிப்பு ஒன்றை வரையறுத்தார். எது எதற்கு முன் நிற்கும் என்பதைக் குறியின் தோற்றத்திடம் விடவில்லை. படிப்பவரின் தேவையை வைத்து முடிவு செய்தார்.

இரண்டு சான்றுகள் தருகிறேன். ஒரு துறையில் என்னென்ன நூல்கள் உள்ளன என்று கூறும் நூற்பட்டியல், அத்துறையைப் பற்றிய நூல்களுக்கு முன்னால் இருந்தால்தானே நாடி வருபவருக்கு உதவும்? அகராதி முறைப்படியோ, கணிதத்தைக் குறிக்கும் தனி எழுத்து முன்னும், அதனோடு மற்றோர் எழுத்துச் சேர்ந்த நூற்பட்டியலின் குறி பின்னும் வர வேண்டும். இரங்கநாதன் இவ்வகைக் குறிகளுக்கு முன்நிற்கும் மதிப்பை அளித்து, அகராதி வரிசையைத் திருப்பி வைத்தார்.

மற்றொன்று ஒன்பதைப் பற்றியது. 1 முதல் 9 வரை இலக்கங்களை உட்பிரிவுகளுக்குக் கொடுத்துவிட்டால், பத்தாவது பிரிவு தோன்றும்போது என்ன செய்வது? அவர் 9க்குப் பொருள் எதுவும் கொடாமல் வெறும் படியாக ஒதுக்கினார். 8க்கு அடுத்தது 91. 98க்கு அடுத்தது 991. எத்தனை பிரிவுகள் பின்னர்த் தோன்றினாலும் இடம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: 8இன் கிளையாகிய 811, 91க்கு முன்னால் நிற்க வேண்டும். எழுத்தாக ஒப்பிட்டால் அப்படித்தான் நிற்கும். எண்ணின் அளவாக ஒப்பிட்டால் 811 பின்னே போய்விடும். கிளை மரத்தைவிட்டுப் பிரிந்துவிடும். ஆற்றுக் கணக்கில் நான் செய்த பிழைக்கு இது நேர் எதிர்ப் பிழை. வார எண்ணை எழுத்தாகக் கருதியது அங்கே தவறு. பகுப்பெண்ணை அளவாகக் கருதுவது இங்கே தவறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சுட்டு எதைக் குறிக்கிறது என்று முதலில் கேட்பது.

இன்று பாண்டாஸிலும் இதற்கு வழி இருக்கிறது. எழுத்தை எண்ணாக மாற்றலாம்; ஒப்பிடுவதற்கென ஒரு விதியைத் தரலாம்; ஜனவரி, பிப்ரவரி என்று நாமே முறை வகுத்து, இதுவே வரிசை என்று அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் ஆங்கில மாதப் பெயர்களில் ஏப்ரலும் ஆகஸ்டும் முதலில் வந்து நிற்கும்.

நூலகம் யாருக்காக?

இவ்வளவு நுணுக்கமும் எதற்காக? இதற்கு அவர் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் விடை தருகின்றன. நூல்கள் காப்பாற்றி வைப்பதற்காக அல்ல, பயன்படுவதற்காக இருக்கின்றன. படிக்க வருபவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரியவரை அடைய வேண்டும். படிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது. இவையே அவற்றின் கருத்து. அலமாரியின் வரிசை சரியாக இருந்தால் நேரம் மிஞ்சுகிறது. வளர்வதற்கு இடம்விட்டு வகுத்திருந்தால் நாளை வரும் நூலும் இடம் பெறுகிறது.

சொன்னதை அவர் செய்தும் காட்டினார். சென்னையில் படிப்பவர்கள் அலமாரிகளுக்கு இடையே தாமே சென்று நூலை எடுக்கும் உரிமையை அளித்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியதில் அவர் பங்கு பெரிது. அவர் எழுப்பிய இயக்கத்தின் ஊக்கத்தால் 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்கள் ஊர் ஊராகச் சென்றன. 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் பின்னும் அவர் உழைப்பு இருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கிளை நூலகங்களில் படித்து வளர்ந்த நம்மில் பலர், அறியாமலேயே அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இரண்டாம் திருமணம் நடந்த நாளன்றுகூடப் பிற்பகலில் நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கின்றனர். இதை நான் பின்பற்றத்தக்க செயலாகச் சொல்லவில்லை. வீட்டில் இருந்தவர் எண்ணம் என்னவோ! ஆனால் அன்று அந்த மனைவியார் சாரதாவின் பெயரால்தான், பின்னாளில் தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகவியல் ஆய்வுக்கென அளித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காசியில்

1945இல் சென்னைப் பணியிலிருந்து விலகி, ஓய்வாக ஆராய்ச்சி செய்யலாம் என்று எண்ணியிருந்தவரை, அப்போது இங்கே துணைவேந்தராக இருந்த இராதாகிருஷ்ணன் அழைத்தார். வந்தவர் 1947 வரை இங்கே தங்கினார். சயாஜிராவ் கெய்க்வாடின் பெயர் தாங்கிய நம் நடு நூலகக் கட்டடம் எழுந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைப் பதினெட்டு மாதங்களில் தனி ஒருவராகப் பகுத்து முடித்தார். அவருக்கு வயது அப்போது ஐம்பதைக் கடந்திருந்தது.

இதை அறிந்த பின் ஒருநாள் அந்த நூலகத்தின் வட்ட வடிவப் படிப்பறையில் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு மாதம் என்பது ஏறக்குறைய 550 நாள். நாள் ஒன்றுக்குச் சுமார் 180 நூல்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, அது எதைப் பற்றியது என்று கண்டு, எண் கட்டி, இடம் குறிக்க வேண்டும். நான் 52 நிரைகளை ஒழுங்கு செய்ய அலுத்துக்கொண்டவன். வெட்கமாக இருந்தது.

காசிக்குப் பின் தில்லிப் பல்கலைக்கழகம் 1947 முதல் அவரைப் பெற்றது. பின்னர்ச் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலும், உச்சயினியிலும் கழிந்தன. 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரில், மகலனோபிஸ் அவர்களின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ், ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965இல் தேசியப் பேராசிரியர் ஆனார். 1967இல் கணிதமேதை இராமானுசனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கணிதத்தை அவர் மறந்துவிடவில்லை. 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

உண்மை ஒன்றை மறைக்கக் கூடாது. கோலன் முறையை உலக நூலகங்கள் பெருமளவில் மேற்கொள்ளவில்லை. இந்தியாவிலேயே பல நூலகங்கள் டூயி முறையில்தான் இயங்குகின்றன. அவர் கட்டும் எண்கள் நீளமானவை, எழுதவும் நினைவில் வைக்கவும் கடினமானவை என்று சொல்வோர் உண்டு. எனினும் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து மீண்டும் கூட்டும் அவர் நெறியை, பகுப்புக் கலை படிப்போர் எல்லா நாடுகளிலும் இன்றும் கற்கின்றனர்.

நம் பெயர் நிற்கும் இடம்

முடிப்பதற்கு முன் இன்னும் ஒன்று. தமிழ்நாட்டுக்கு வெளியே படிக்க வந்த நாம் ஒவ்வொருவரும் விண்ணப்பத் தாள்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் கண்டு விழித்திருப்போம். தந்தை பெயரை அதில் எழுதிவிட்டு, பிறகு பட்டியல்களில் தந்தை பெயரின் வரிசையில் நிற்கிறோம். நம் பெயரைத் தேடுபவர் நம் பெயரில் தேடினால் நாம் கிடைக்க மாட்டோம். இரங்கநாதன் தம் நூற்பட்டியல் விதிகளில், ஒரு பெயரின் எந்தப் பகுதி வரிசைக்குத் தலைமை தாங்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு, மக்களுக்கு மக்கள் வேறுபடும் என்று கண்டு விதி வகுத்தார். தென்னாட்டார் பெயரில் ஊரையும் தந்தையையும் குறிக்கும் தலைப்பெழுத்துகள் பின்னுக்குச் செல்லும். சொந்தப் பெயர் முன்னுக்கு வரும். சீர்காழியும் இராமாமிர்தமும் அவர் பெயரை விட்டு நீங்கவில்லை. ஆனால் அவரைத் தேடுபவர் இரங்கநாதன் என்னும் இடத்தில் அவரைக் காணலாம்.

என் ஆற்றுக் கணக்கை மறுநாள் திருத்தினேன். வார எண்கள் எண்கள்தாம் என்று கணினிக்கு ஒரு வரியில் அறிவித்து, மீண்டும் அதே கட்டளையை இட்டேன். பொங்கல் வாரம் ஆண்டின் தொடக்கத்துக்கு வந்தது. கங்கை மழைக்காலத்தில் ஒருமுறை ஏறி, பின் அமைதியாக இறங்கியது. படத்தைக் கொடுத்துவிட்டு நூலகத்துக்குச் சென்று, அவரைப் பற்றி நான் எடுத்திருந்த நூலைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும் முன் அதன் முதுகில் இருந்த எண்ணை ஒருமுறை இடமிருந்து வலமாக, குறி குறியாகப் படித்துப் பார்த்தேன்.